தேள்கொடுக்கின் மேலே ஒரு சிவப்பு மேகம்

எங்கள் வீட்டில் முடி உலர்த்தும் டிரையர் ஒன்று இருந்தது. அதை வைத்து யாரும் முடி உலர்த்தி நான் பார்த்ததில்லை. அது தொலைநோக்கிக்கு உரியது. திருவனந்தபுரத்துக் காற்றில் எப்போதும் ஈரம்தான். பொழுது சாய்ந்தபின் மொட்டைமாடியில் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் நீர் பூத்துவிடும். தொலைநோக்கியின் கண்ணாடி மங்கும்போதெல்லாம் அத்தை டிரையரைப் பிடித்து, குளிப்பாட்டிய குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல, அதற்கு மெல்லச் சூடு காட்டுவாள். அதற்காகவே ஒரு நீளமான ஒயர் மாடிப்படி வழியே ஏறிப் போகும். அதில் கால் தடுக்கி விழாதவர் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. எனக்கு ஒன்பது வயது நடக்கையில் அவளுக்கு முப்பத்து நான்கு. செக்ரட்டேரியட்டில் வேலை, கரமனையில் எங்கள் வீட்டிலேயே எங்களோடு இருந்தாள். வெளிநாடு போகிற ஒரு டாக்டரிடமிருந்து அந்தத் தொலைநோக்கியை அவள் வாங்கி, பழைய பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிய அன்று, தெருவில் பாதிப் பேர் அது புதுமாதிரித் தண்ணீர் மோட்டார் என்று நினைத்தார்கள். விஷயம் தெரிந்த பிறகு அவர்கள் குழப்பம் இன்னும் கூடியது. அத்தை அதில் கண்ணை வைத்துப் பார்ப்பதே அபூர்வம். கண் வைக்கிற இடத்தில் கேமராவை மாட்டிவிட்டு, எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். பார்க்காமல் இருப்பதற்கு எதற்கு இத்தனை பெரிய குழாய் என்று அப்பாவே கேட்டிருக்கிறார்.

அவள் எடுத்தது நெபுலாக்களை. நட்சத்திரங்களுக்கு நடுவே கிடக்கிற வாயு மேகங்கள் அவை. கண்ணுக்குத் தெரியாது, ஒரு படம் எடுத்தாலும் தெரியாது. ஒரு நிமிடத்துக்கு ஒரு படமாக, ஒரே இடத்தை நூறு தடவை, இருநூறு தடவை எடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் சாம்பல் இருட்டுக்குள்ளிருந்து சிவப்பாக ஏதோ ஒன்று மெல்ல வெளியே வரும். அந்த ஒரு நிமிடத்தில் தொலைநோக்கி எள்ளளவும் அசையக் கூடாது. எங்கள் மாடித் தளமோ பழையது. நான் நடந்தாலே அதிரும், ஓடினால் சொல்லவே வேண்டாம். நான் ஓடாமல் எங்கும் போகத் தெரியாத பெண். அதனால் படம் எடுக்கும்போது மாடிக்கு வர எனக்கு மட்டும் தடை இருந்தது. கடைசிப் படிவரை வரலாம், அங்கே உட்கார்ந்துகொள்ளலாம், அதற்கு மேல் ஒரு கால் வைக்கக் கூடாது. பூனைக்குக்கூட அந்தத் தடை கிடையாது என்று எனக்கு ஒரே பொருமல்.

அத்தைக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு வீட்டில் இரண்டு காரணங்கள் வைத்திருந்தார்கள். வெளியாட்களிடம், அவளுக்கு அதில் இஷ்டமில்லை, டெலஸ்கோப் போதும் என்கிறாள் என்பார்கள். உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு பேசும்போது, எல்லாம் அந்த மூலத்தால் வந்தது என்பார்கள். அத்தை பிறந்தது மூல நட்சத்திரத்தில். மூலத்தில் பிறந்த பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்று எங்கள் தெருவிலும், வரன் வருகிற நாகர்கோவில், திருநெல்வேலி வட்டாரத்திலும் உறுதியாக நம்பினார்கள். அடுத்த வீட்டு மலையாளிச் சேச்சிக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. "மூலத்தினு எந்தா குழப்பம்?" என்று அம்மாவிடம் கேட்டாள், மூலத்தில் என்ன தப்பு என்று. அவள் மாமியாருக்கும் மூலம்தானாம். மாமனார் எண்பது தாண்டியும் சைக்கிள் மிதித்தாராம்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. மூலம் என்பது அத்தைக்கு இருக்கிற ஏதோ ஒரு தொந்தரவு என்று மட்டும் புரிந்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான் படித்தேன். தமிழ் எழுத்து அம்மா லீவில் சொல்லிக் கொடுத்தது. அதனால் நாகர்கோவில் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியே சுவர்களை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே போவேன். ஒருமுறை ஒரு சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, மூலம் கத்தியில்லாமல் ஒரே நாளில் குணமாகுமாம் அப்பா, அத்தையை ஏன் இங்கே கூட்டிக்கொண்டு வரவில்லை என்று பஸ் முழுக்கக் கேட்கும்படிக் கேட்டேன். பஸ் சிரித்தது. அப்பா வீடு வரும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. விஷயம் கேள்விப்பட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தவள் அத்தைதான்.

அவள் எடுத்த படங்களிலேயே பெரியது மூலத்தின் படம். விருச்சிகம் என்கிற தேளின் வால்தான் மூலம். தெற்கே, விழிஞ்ஞம் பக்கத்து வானத்தில் அது வளைந்து நிற்கும்; கொடுக்குக்குச் சற்று மேலே ஒரு சிவப்பு மேகம் உண்டு. இந்த ஊரில் அதைச் சாயந்திர வேளையில் பிடிக்க வாய்ப்பது ஓணம் முடிந்து ஐப்பசியின் துலாமழை பிடிப்பதற்குள் இருக்கிற இரண்டு மூன்று வாரம்தான். ஓணத்துக்கு ஊரே விளக்கு அலங்காரம் பார்க்கக் கிளம்பும்போது, இந்த விளக்குகளை எப்போது அவிழ்ப்பார்கள் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஜீவன் என் அத்தை. இரண்டு ஓணம் காத்திருந்து எடுத்த படம் அது. கிழக்கேகோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டினாள். தாத்தா பாட்டி படத்துக்கும் குருவாயூரப்பனுக்கும் நடுவில் சிவப்புப் புகையாக அது தொங்கியது. இது என்ன என்று நான் கேட்டதற்கு, என் நட்சத்திரத்தின் வீடு என்று சொல்லியிருந்தாள்.

அதற்கடுத்த ஓணத்துக்குச் சில மாதம் முன்னால் திருநெல்வேலியிலிருந்து ஒரு வரன் வந்தது. அங்கே ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறவர். இந்த முறை அப்பா ஒரு முடிவோடு இருந்தார். ஜாதகத்தில் அத்தை பிறந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் மூலம் போய்ப் பூராடம் வந்துவிடுமாம். இத்தனை வருஷம் கழித்து அவளை ஒரு மணி நேரம் இளமையாக்கினார். அத்தை முதலில் ஒப்பவில்லை. பிறகு மாப்பிள்ளையோடு இரண்டு தடவை ஃபோனில் பேசினாள், பிறகு தினமும் பேசினாள். மாடியிலிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கூடம்வரை வரும். அவர் ஏதோ கிரகத்தைப் பற்றித் தப்பாகச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். பூராடம் பற்றி அவள் அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

ஓணம் முடிந்து அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் அம்மா என்னை அழைத்துக்கொண்டு பழவங்காடி பிள்ளையார் கோவிலுக்குப் போனாள். வழிபாட்டுச் சீட்டு எழுதுகிற இடத்தில் பெயரும் நட்சத்திரமும் சொல்ல வேண்டும். அம்மா அத்தை பெயரைச் சொல்லி, மூலம் என்றாள். வீட்டுக்கு வந்தால் அப்பா ஃபோனில் யாரிடமோ பூராடம் என்கிறார். மனிதர்களிடம் மாற்றிச் சொன்னாலும் பிள்ளையாரிடம் மாற்றிச் சொல்ல அம்மாவுக்குத் துணிச்சல் வரவில்லை என்பது இப்போது புரிகிறது. அப்போது, யாரோ ஒருவர் தப்பாகச் சொல்கிறார், திருத்த வேண்டும் என்றுதான் பட்டது. அம்மாவைக் கேட்டேன், பெரியவா பேச்சில் உனக்கென்ன என்றாள். அத்தையிடம் போனேன். அவள் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆகாசத்துல இருக்கறது மூலம்டி. காகிதத்துல இருக்கறது பூராடம். நீ ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதே."

நான் குழப்பிக்கொள்ளவில்லை. எது அசல் என்று எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கூடத்துக்கு வந்தால் மூலத்தின் படம் சுவரில் இல்லை. அது இருந்த இடம் மட்டும் பளிச்சென்று வெளுத்துக் கிடந்தது. அத்தையே அதைக் கழற்றி, பீரோவுக்குப் பின்னால் திருப்பி வைத்ததைப் பார்த்ததாக அம்மா சொன்னாள். எனக்குச் சுரீரென்றது. அப்பா மிரட்டிக் கழற்ற வைத்திருப்பார், வேறென்ன? போதாக்குறைக்குச் சாயந்திரம் அத்தை தலைக்குக் குளித்துவிட்டு, தொலைநோக்கியின் டிரையரை எடுத்துத் தன் தலைமுடியை உலர்த்தினாள். கண்ணாடி முன்னால் நின்று, ஒவ்வொரு கற்றையாக எடுத்து, நிதானமாக உலர்த்தினாள். அவளை இவர்கள் என்ன பாடுபடுத்துகிறார்கள் என்று வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகையே வந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே வந்தார்கள். அவர், அவருடைய அப்பா, அம்மா, மூன்றே பேர். பஜ்ஜி, கேசரி எல்லாம் நடந்தது. எனக்கு அம்மா கொடுத்திருந்த உத்தரவுகள் மூன்று: ஓடாதே, கேட்காமல் பஜ்ஜியை எடுக்காதே, மூக்கை நோண்டாதே. நட்சத்திரத்தைப் பற்றி யாரும் என்னிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அவருடைய அப்பா நல்ல மனிதர். போன வருஷம்தான் அவருக்கு இருதய ஆபரேஷன் ஆகியிருந்தது. சட்டையின் மேல் பட்டனை அவிழ்த்து அப்பாவிடம் தழும்பைக்கூடக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். கடவுள் கொடுத்த ரெண்டாவது ஆயுசு என்றார்.

இருட்டத் தொடங்கியதும் மாப்பிள்ளை, டெலஸ்கோப்பைப் பார்க்கலாமா என்று கேட்டார். இருவரும் மாடிக்குப் போனார்கள். அம்மா அவருடைய அம்மாவைப் பூஜையறைக்கு அழைத்துப் போனாள். அப்பா இரண்டாவது காபி கொண்டுவர அடுக்களைக்குப் போனார். கூடத்தில் நானும் அந்தப் பெரியவரும் மட்டும். நான் உள்ளே போய், பீரோவுக்குப் பின்னாலிருந்து படத்தை இழுத்துக்கொண்டு வந்தேன். முக்காலியைச் சுவரோரம் போட்டு ஏறினேன். அவர் பதறி எழுந்து வந்து, நான் விழுந்துவிடாதபடி முக்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆணியில் மாட்டியதும், இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது என்று அவர்தான் சொன்னார். நேராக்கினேன்.

"அழகா இருக்கே. என்ன பூவாக்கும் இது, கொழந்தே?"

"பூ இல்லை மாமா. நட்சத்திரம் இருக்கற எடம். அத்தை எடுத்தது. அத்தையோட சொந்த நட்சத்திரமாக்கும்."

அவர் ஒரு கையால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். ஓஹோ, பூராடம் இப்படியா இருக்கும் என்று சிரித்தார்.

"பூராடம் அல்ல மாமா. பூராடம் கிழக்கே தள்ளி இருக்கு. இது மூலமாக்கும்."

அவர் கை முக்காலியை விட்டுவிட்டது. எனக்கு அது ஆடியது நினைவிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் அடுக்களை வாசலில் அப்பா, இரண்டு கையிலும் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். பெரியவர் அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. அப்பா முகத்தைப் பார்த்ததே போதுமாயிருந்திருக்கும். போய் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். பிறகு, திருநெல்வேலிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சமாவது புரிந்திருக்கும். பயந்திருக்கிறார் என்பது புரியவில்லை.

மாடிப்படியில் முதலில் சிரிப்புச் சத்தம்தான் இறங்கி வந்தது. பின்னால் அவர்கள் வந்தார்கள். அவர் கையில் டிரையர் இருந்தது. கண்ணாடி மங்கிவிட்டதாம், தானே உலர்த்திக் கொடுத்தாராம். இதை எங்கே வைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டபடி நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அது இன்னும் சூடாக இருந்தது. அப்போதுதான் அவருடைய அப்பா, கிளம்பலாம்டா என்றார். அவர் தன் அப்பாவைப் பார்த்தார், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். அப்புறம் வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார். ஊருக்குப் போய் ஃபோன் பண்ணுகிறோம் என்று அவருடைய அம்மா பொதுவாகச் சொன்னாள்.

அவர்கள் ஆட்டோ திரும்புவதற்குள் அம்மா என் தொடையில் கிள்ளிவிட்டாள். அப்பா படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். அத்தைதான், அவளை ஒண்ணும் சொல்லாதீங்கோ, உள்ளதைத்தானே சொன்னா என்றாள். பிறகு என் கையைப் பிடித்து, பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல், மாடிக்கு அழைத்துக்கொண்டு போனாள். கடைசிப் படியில் நான் வழக்கம்போல நின்றேன். வாடி என்றாள்.

அந்த நிமிடத்தில் இருந்த பெருமை எனக்கு அதற்கப்புறம் எந்தப் பரிசு வாங்கியபோதும் வந்ததில்லை. எல்லாம் விளங்கிவிட்டது. அத்தைக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லை, டெலஸ்கோப் போதும். அதைத்தானே எல்லோரும் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்? நான் அவளைக் காப்பாற்றிவிட்டேன். அதற்குத்தான் இந்தச் சன்மானம். தண்ணீர்த் தொட்டியருகே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னாள். உட்கார்ந்த நான் அசையவில்லை. கரமனை ஆற்றங்கரைக் கொசு முழுவதும் என் காலில்தான் இருந்தது, ஒன்றைக்கூட அடிக்கவில்லை. தேள் தெற்கில் சாய்ந்து நின்றது. அத்தை கேமராவை மாட்டினாள், விசையை அமுக்கினாள், சிவப்பு டார்ச்சை அணைத்தாள். நாற்காலியில் உட்காராமல், புடவையோடு தரையில், தொலைநோக்கியின் முக்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அதன் ஒரு காலைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை கேமரா டக்கென்று சத்தம் போட்டது. வேறு சத்தம் எதுவும் இல்லை.

வெகுநேரம் கழித்து எழுந்து போய், கேமராவின் சின்னத் திரையில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நானும் அனுமதி கேட்டுக்கொண்டு போய் எட்டிப் பார்த்தேன். ஒரு நட்சத்திரம்கூட வட்டமாக இல்லை. எல்லாம் நடுங்கிய கையெழுத்துபோல இழுபட்டிருந்தன. நான் ஆடவே இல்லை அத்தை, சத்தியமா ஆடலை என்றேன்.

"நீ ஆடலைடி. காத்து."

அவர் ஃபோன் செய்யவில்லை. அந்தச் சிவப்பு மேகத்தை அத்தை மறுபடி சுவரில் மாட்டினாள், அடுத்த வருஷம் வேறொன்றைப் படமெடுத்தாள். இப்போதும் எடுக்கிறாள். விழிஞ்ஞத்தில் துறைமுகம் வந்த பிறகு தெற்கு வானம் அடிவாரத்தில் மஞ்சளாகிவிட்டது. அதற்கேற்ற ஃபில்டரைத் தேடிப் பிடித்து வாங்கிவிட்டாள். அவளுக்கு வேறு வரன் யாரும் பார்க்கவில்லை, அவளும் விடவில்லை. நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். தன் நட்சத்திரம் மூலம் என்று முதல் வாரமே அத்தை அவரிடம் ஃபோனில் சொல்லிவிட்டாளாம். அவர் சிரித்தாராம். ஆபரேஷன் ஆன மனுஷன், அவர் அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று இரண்டு பேரும் சேர்ந்தே முடிவு செய்தார்களாம். உலகத்தில் தெரியக் கூடாத ஒரே மனிதருக்கு, அவரையே முக்காலி பிடிக்க வைத்து, நான் சொல்லியிருக்கிறேன். அன்று அம்மா முன்னால் சிரித்து மழுப்பிவிட்டு, குளியலறைக்குப் போய் அழுதேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது அத்தையின் பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து படங்களைப் புதியதற்கு மாற்றிக் கொடுத்தேன். கெட்டுப்போன படங்களை அவள் எடுத்த அன்றே அழித்துவிடுவாள். அது அவள் வழக்கம். ஆனால் அந்த ஓணத்துக்குப் பிந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமையின் படங்கள் மட்டும் அத்தனையும் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே நடுக்கம். சிலவற்றில் கொஞ்சம் அடங்கி, அடுத்ததில் மறுபடி தொடங்கி. இதெல்லாம் கெட்டுப்போனதாக இருக்கிறது, அழித்துவிடட்டுமா என்று கூடத்திலிருந்து கேட்டேன். எந்தத் தேதி என்று கேட்டாள். சொன்னேன். அடுக்களையில் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. கெடக்கட்டும்டி என்றாள்.

அன்று வந்தவர்களைக் கவனிக்கிற அவசரத்தில் அம்மா மொட்டைமாடிக் கொடியிலிருந்து துணி எடுக்க மறந்துபோயிருந்தாள். அவளுடைய வாயல் புடவை ஒன்று எனக்கு நேர் எதிரே தொங்கியது. யாராவது பக்கத்தில் நடந்து போனாலே அலைகிற லேசான புடவை. அன்று அது அசையவே இல்லை. அத்தை காத்து என்றதும், அதைப் பார்த்துக்கொண்டேதான் நான், ஆமாம் அத்தை, காத்துதான் என்று சொன்னேன்.